டோபெஷியின் நான்கு எண்கள்: வேவ்லெட் பற்றி வாசகர் கேள்விகள்

சிக்னல்களையும் படங்களையும் அலசப் பயன்படும் வேவ்லெட் (குட்டி அலை) கணிதம் பற்றியும், அதைக் கணினிக்குத் தோதான வடிவில் அமைத்துக் கொடுத்த பெல்ஜியக் கணிதவியலாளர் இங்ரிட் டோபெஷி பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

டோபெஷிக்கு முன்பே வேவ்லெட் இருந்தது என்கிறார்களே. பிறகு அவர் புதிதாக என்ன செய்தார்?
– கணித ஆசிரியை, காரைக்குடி

இருந்தது உண்மைதான். ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹார் 1910-லேயே படிக்கட்டு வடிவில் ஒன்றை எழுதிவிட்டார். அன்று அதற்கு இந்தப் பெயர் இல்லை. 1980களின் தொடக்கத்தில் பிரான்ஸில் எண்ணெய் தேடும் எல்ஃப் நிறுவனத்தின் பொறியாளர் ஷான் மோர்லே, பூமிக்குள் அனுப்பித் திரும்பி வரும் அதிர்வுகளை அலச இப்படிப்பட்ட குட்டி அலைகளைக் கையாண்டார். மார்செய் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மன் அதற்குக் கணித அடித்தளம் கொடுத்தார். பிறகு ஈவ் மேயர், வழுவழுப்பான, ஒன்றின் தகவலை இன்னொன்று திரும்பச் சொல்லாத வேவ்லெட் தொகுதியை அமைத்தார். ஸ்தெஃபான் மல்லா அதை வேகமாகக் கணக்கிடும் வழியைக் காட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஹாரின் அலை நீளத்தில் குட்டை, ஆனால் முரடு. அதனால் மென்மையான படத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும். மேயரின் அலை மென்மையானது, ஆனால் இரு பக்கமும் வால் முடிவில்லாமல் நீளும். கணினியில் வாலை எங்காவது வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய இடத்தில் பிழை நுழையும்.

1987-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த டோபெஷி கேள்வியையே திருப்பிப் போட்டார். அலையை முதலில் எழுதிப் பிறகு எண்களைத் தேடாமல், கணினி பெருக்க வேண்டிய எண்கள் நான்கோ ஆறோ எட்டோ மட்டும்தான் என்று முதலில் முடிவு செய்தார். அந்த எண்களுக்கு வேண்டிய நிபந்தனைகளைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தார். அலையின் வடிவம் அந்த எண்களிலிருந்து தானாகப் பிறக்கும். அதற்குத் தனிச் சூத்திரம் கிடையாது. வரைந்து பார்த்தால் சுறாத் துடுப்பு மாதிரி கோணலாக இருக்கும். அழகு குறைவுதான், ஆனால் குட்டையானது, வெட்ட வேண்டிய வால் இல்லாதது. 1988-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. கணக்குப் போடும் இயந்திரத்தின் தேவையைத் தேற்றத்தின் முதல் வரியிலேயே வைத்ததுதான் அவருடைய பெரிய காரியம் என்பது எங்கள் கருத்து.

சூத்திரமாகச் சொன்னால் தலை சுற்றுகிறது. எண்களை வைத்தே காட்ட முடியுமா?
– பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு

பேனாவை எடுங்கள். ஒரு படத்தின் ஒரு வரிசையில் எட்டு பிக்ஸல்களின் ஒளி அளவு இப்படி இருக்கட்டும்: 50, 52, 54, 56, 120, 122, 124, 126. மெல்ல ஏறி, நடுவில் ஒரு தாவல், மறுபடி மெல்ல ஏற்றம்.

முதலில் ஹார். இரண்டிரண்டாகச் சராசரி எடுத்தால் 51, 55, 121, 125. ஒவ்வொரு ஜோடியிலும் முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துப் பாதியாக்கினால் −1, −1, −1, −1. இவற்றை ஒதுக்கி வைத்துவிட்டுச் சராசரிகளை மட்டும் அதே போலச் செய்தால் 53, 123. கழிவு −2, −2. இன்னொரு முறை: 88, கழிவு −35. ஆக 88, −35, −2, −2, −1, −1, −1, −1. இந்த எட்டிலிருந்து கூட்டியும் கழித்தும் பழைய எட்டையும் அப்படியே மீட்கலாம். (கறாரான ஹார் முறையில் 2-க்குப் பதில் √2 வரும்; கைக்கணக்குக்கு இது போதும்.)

ஒரே சீரான சாய்வைக்கூட ஹார் நான்கு இடத்தில் −1 என்று எழுதி வைக்கிறது பாருங்கள். டோபெஷி இதைத்தான் ஒழித்தார். அவருடைய முதல் தொகுதியின் நான்கு எண்கள்: 0.48296, 0.83652, 0.22414, −0.12941. இவை சாரத்தை, அதாவது பக்கத்துப் பிக்ஸல்களின் ஒட்டுமொத்த அளவை, எடுப்பவை. விவரத்தை, அதாவது அவற்றுக்கிடையே உள்ள மாற்றத்தை, எடுக்க இவற்றையே தலைகீழாக வைத்து, ஒன்று விட்டு ஒன்றின் குறியை மாற்ற வேண்டும்: −0.12941, −0.22414, 0.83652, −0.48296.

நான்கு பிக்ஸல்களின் மேல் இதை வைத்துப் பெருக்கிக் கூட்டுங்கள். பிறகு இரண்டு பிக்ஸல் தள்ளுங்கள். முதல் நான்கில் (50, 52, 54, 56): −6.470 − 11.655 + 45.172 − 27.046. தசமப் பிசிறு போக, பூஜ்யம். சாய்வு காணாமல் போய்விட்டது. அடுத்த நான்கில் (54, 56, 120, 122) 21.92 வரும், தாவல் இருக்கும் இடம் அதுதான். மூன்றாவதில் (120, 122, 124, 126) மறுபடி பூஜ்யம். பூஜ்யங்களைச் சேமிக்க இடமே தேவையில்லை. படச் சுருக்கம் என்பதன் உயிர் இங்கே இருக்கிறது.

நான்காவது இடத்தில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 124, 126-க்குப் பிறகு பிக்ஸல் தீர்ந்துவிட்டது. வரிசையின் தொடக்கத்துக்கே சுற்றிப்போய் 50, 52 எடுத்தால் −27.58 என்று இல்லாத ஓர் எல்லை முளைக்கும். கண்ணாடிபோலத் திருப்பி 126, 124 எடுத்தால் 1.22 மட்டும் வரும். படங்களுக்குப் பெரும்பாலும் கண்ணாடி முறைதான் நல்லது.

சரிபார்க்க ஒரு வழி: சுற்றும் முறையில் சாரம் 72.50, 84.03, 171.50, 169.77, விவரம் 0, 21.92, 0, −27.58. இந்த எட்டின் வர்க்கங்களையும் கூட்டினால், தசமங்களைத் தாராளமாக எடுத்திருந்தால், 71,792 வரும். மூல எட்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையும் அதேதான். வரவில்லையென்றால் எங்கோ ஒரு குறி மாறியிருக்கிறது.

அந்த நான்கு எண்கள் வானத்திலிருந்து விழுந்தனவா?
– அதே மாணவர்

இல்லை, பத்தாம் வகுப்பு இயற்கணிதம் போதும். எண்களை அ, ஆ, இ, ஈ என்று வைப்போம். விவரத்தை எடுக்கும் எண் தொகுதி, அதாவது விவர வடிகட்டி: ஈ, −இ, ஆ, −அ. மாறாத சிக்னலில் அது பூஜ்யம் தர வேண்டும்: ஈ − இ + ஆ − அ = 0. 0, 1, 2, 3 என்ற சாய்விலும் பூஜ்யம் தர வேண்டும்: −இ + 2ஆ − 3அ = 0. இரண்டையும் தீர்த்தால் இ = 2ஆ − 3அ, ஈ = ஆ − 2அ. இரண்டு இடம் தள்ளி வைத்த பிரதியோடு தகவல் கலக்கக் கூடாது: அ·இ + ஆ·ஈ = 0. மேலே கிடைத்ததைப் போட்டால் ஆ² = 3அ². ஆகவே ஆ = √3 அ. கடைசியாக, நான்கின் வர்க்கங்களும் கூடி 1 ஆக வேண்டும் என்றால் அ = (1 + √3) ÷ (4√2) = 0.48296. மற்ற மூன்றும் பின்னாலேயே வந்துவிடும். ஆ = −√3 அ என்று எடுத்தால், குறியைச் சரிசெய்தபின் அதே எண்கள் தலைகீழ் வரிசையில் வரும். சில மென்பொருள்கள் அந்த வரிசையில்தான் அச்சிடுகின்றன. பிழை என்று பதற வேண்டாம்.

ஃபூரியே முறை இருக்க இது எதற்கு?
– வாசகர், திருநெல்வேலி

கச்சேரி முழுவதிலும் எந்த ஸ்வரம் எவ்வளவு பலமாக ஒலித்தது என்று ஃபூரியே கணக்கு சொல்லும். எந்த நொடியில் ஒலித்தது என்பதை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. சிக்னலைத் துண்டு துண்டாக நறுக்கி ஃபூரியே போடலாம். ஆனால் துண்டின் அகலம் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றேதான். வேவ்லெட்டில் வேக அதிர்வுக்குக் குறுகிய சாளரம், மெது அதிர்வுக்கு அகன்ற சாளரம். மாறாமல் ஒலிக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்போன்ற விஷயங்களுக்கு ஃபூரியேதான் இன்றும் சிறந்தது.

அமெரிக்க எஃப்பிஐ விரல்ரேகைகளை வேவ்லெட்டில் சேமித்ததாமே. சாதாரண ஜேபெக் போதாதா?
– ஓய்வுபெற்ற காவல்துறை அலுவலர், வேலூர்

போதவில்லை; காரணம் அளவுக் கணக்கில் இருக்கிறது. ரேகைகளை அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்கிறார்கள், அதாவது மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 20 பிக்ஸல். விரலின் மேடுகள் சுமார் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுவதால், ஒரு மேட்டிலிருந்து அடுத்ததற்கு 9, 10 பிக்ஸல். ஜேபெக் முறையோ படத்தை 8×8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுருக்கும். அதிகம் சுருக்கினால் கட்டங்களின் விளிம்பு தெரியும். கட்டத்தின் அளவும் மேடுகளின் இடைவெளியும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் என்ன ஆகும்? மேடு முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் வைத்துத்தான் ரேகைகளை ஒப்பிடுகிறார்கள். கட்டத்தின் விளிம்பு ஒரு மேட்டை அறுத்தால், இல்லாத முடிவு ஒன்று பதிவாகிவிடும்.

பத்து விரல் கொண்ட ஓர் அட்டை ஸ்கேன் செய்தால் 10 மெகாபைட்டை நெருங்கும். 1993-ல் வந்த டபிள்யூஎஸ்க்யூ என்ற வேவ்லெட் சுருக்கத் தரம் அதை ஏறக்குறைய 15-ல் ஒரு பங்காக்கியது. எஃப்பிஐயுடன் லாஸ் அலமோஸ் ஆய்வகமும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது இது. படத்தை 64 அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்களையும் முரட்டுத்தனமாக முழுமையாக்கி, பூஜ்யத் தொடர்களை எண்ணி, அடிக்கடி வருபவற்றுக்குக் குட்டையான குறி தரும் ஹஃப்மன் குறியீட்டில் எழுதும்.

இதில் இருப்பது மேலே பார்த்த நான்கு எண்கள் அல்ல. ஆர்த்தோகனலாகவும் (ஒன்றின் தகவலை இன்னொன்று திரும்பச் சொல்லாமல்) குட்டையாகவும் சமச்சீராகவும் மூன்றும் ஒருசேர வேண்டுமென்றால் ஹாரைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்று டோபெஷியே நிறுவியிருந்தார். சமச்சீர் இல்லாவிட்டால் படத்தின் ஓரத்தைக் கண்ணாடிபோலத் திருப்பும்போது கூடுதல் எண்களைச் சேமிக்க நேரும். எனவே ஆல்பெர்ட் கோஹன், ஃபோவோ ஆகியோருடன் 1992-ல் எழுதிய கட்டுரையில் ஆர்த்தோகனல் நிபந்தனையைத் தளர்த்தினார்: பிரிக்க ஒரு வடிகட்டி, சேர்க்க இன்னொன்று. ஒன்றில் 9 எண், மற்றதில் 7. ‘9/7’ என்று தொழிலில் சொல்வது இதைத்தான். சமச்சீருக்காக எதை விட்டுக்கொடுக்கலாம் என்று அவர் தேர்ந்தெடுத்த விதம், முதல் கண்டுபிடிப்பைவிட ஒருபடி மேல் என்றுகூடச் சொல்வோம்.

ஒரு பிக்ஸல்கூட மாறாமல் சுருக்க முடியுமா? எக்ஸ்ரே படங்களுக்கு அதுதானே வேண்டும்?
– கதிரியக்கத் தொழில்நுட்பர், யாழ்ப்பாணம்

முடியும். வேவ்லெட்டில் இயங்கும் ஜேபெக் 2000 படத் தரத்தில் இரண்டு வழி உண்டு. இழப்புள்ள சுருக்கத்துக்கு 9/7, இழப்பற்றதற்கு 5/3 (5 எண்ணும் 3 எண்ணும் கொண்ட வடிகட்டிகள்). மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரம் இரண்டையும் ஏற்கிறது.

5/3-ல் தசமமே கிடையாது. அதே எட்டு எண்களை எடுங்கள். இடங்களை 0-லிருந்து எண்ணினால், இரட்டை இடங்கள் 50, 54, 120, 124. ஒற்றை இடங்கள் 52, 56, 122, 126. ஒவ்வொரு ஒற்றையிலிருந்தும் இருபுற இரட்டைகளின் சராசரியைக் கழியுங்கள்: 0, −31, 0, 2 (கடைசிக்கு 124-ஐயே மறுபுறமும் வையுங்கள்). பிறகு ஒவ்வோர் இரட்டையோடும், பக்கத்து இரண்டு விவரங்களைக் கூட்டி, 2 சேர்த்து, 4-ஆல் வகுத்துக் கீழ்நோக்கி முழுமையாக்கியதைச் சேருங்கள்: 50, 46, 112, 125. திரும்பி வர, இதே படிகளைக் கடைசியிலிருந்து குறி மாற்றிச் செய்தால் போதும்.

நிரல் எழுதுவோர் கவனிக்க: −29 ÷ 4 = −7.25. கீழ்நோக்கி என்றால் −8. சி மொழியின் சாதாரண வகுத்தல் −7 தரும். நீங்களே சுருக்கி நீங்களே விரித்தால் இது வெளியே தெரியாது. இன்னொருவரின் மென்பொருளில் திறக்கும்போதுதான் படம் பிசகும்.

அவ்வளவு உயர்ந்ததென்றால் ஜேபெக் 2000 ஏன் என் போனில் இல்லை?
– வாசகி, கோயம்புத்தூர்

கணக்கு அதிகம், நினைவகம் அதிகம், இணைய உலாவிகள் பலவும் ஆதரிக்கவில்லை. பழைய ஜேபெக் அன்றாடப் படத்துக்குப் போதுமாக இருந்தது. ஆனால் டிஜிட்டல் சினிமாவுக்கான டிசிஐ தரத்தில் ஓடும் திரையரங்கில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு சட்டகமும் ஜேபெக் 2000-தான். நொடிக்கு 250 மெகாபிட் உச்சவரம்பு. 24 சட்டகத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 1.3 மெகாபைட். சுருக்காத 2கே சட்டகம் ஒன்று ஏறக்குறைய 10 மெகாபைட்.

இசிஜி பதிவில் இரைச்சலை நீக்க வேவ்லெட் பயன்படுத்துகிறேன். சில நேரம் உச்சிகள் குட்டையாகின்றன, சில நேரம் ஒன்றுமே நீங்கவில்லை. என்ன தவறு?
– உயிர்மருத்துவப் பொறியியல் மாணவி, சென்னை

மாதிரி வேகம் நொடிக்கு 360 என்று கொள்வோம். ஒவ்வொரு முறை பிரிப்பதும் ஒரு மட்டம். முதல் மட்டத்தில் 90–180 ஹெர்ட்ஸ், இரண்டாவதில் 45–90, மூன்றாவதில் 22.5–45, நான்காவதில் 11–22.5, ஐந்தாவதில் 5.6–11 என்று ஒவ்வொரு மட்டமும் பாதியாகும். இதயத் துடிப்பின் கூர்மையான க்யூஆர்எஸ் உச்சியின் பெரும்பங்கு நான்கு, ஐந்தாம் மட்டங்களில் விழும். எட்டு எண் கொண்ட டோபெஷி வடிகட்டியில் 10 நொடிப் பதிவு, அதாவது 3,600 மாதிரிகள், 9 மட்டம் வரைதான் தாங்கும்.

வழக்கமான படிகள்: பிரியுங்கள், முதல் மட்ட விவரங்களின் தனிமதிப்புகளுக்கு இடைநிலை அளவு எடுத்து 0.6745-ஆல் வகுத்தால் இரைச்சலின் திட்டவிலக்கம் σ கிடைக்கும். வாசல் அளவு σ√(2 ln N). N = 3,600 என்றால் ஏறத்தாழ 4.05σ. அதற்குக் கீழுள்ள விவரங்களைப் பூஜ்யமாக்கி மறுபடி சேருங்கள்.

ஒன்றுமே நீங்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கருவி. அது 100 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏற்கெனவே வடிகட்டியிருந்தால் முதல் மட்டம் கிட்டத்தட்ட காலி. σ மிகச் சிறியதாக வரும், வாசலும் தரையோடு தரையாகிவிடும். இரண்டாம், மூன்றாம் மட்டங்களில் தனித்தனியாக σ எடுங்கள்.

உச்சி குட்டையாவதற்குக் காரணம் மென் வாசல். வாசலைத் தாண்டிய எண்களிலிருந்தும் அது வாசல் அளவைக் கழித்துவிடும். நான்கு, ஐந்தாம் மட்டங்களுக்கு வன் வாசல் (தாண்டிய எண்களை அப்படியே விடுவது) வையுங்கள், அல்லது அவற்றைத் தொடாதீர்கள். வன் வாசலில் உச்சியின் இரு பக்கமும் சின்னச் சின்ன நெளிவு எழும். பதிவை ஒரு மாதிரி, இரண்டு மாதிரி என்று நகர்த்தி நகர்த்தித் திரும்பச் செய்து சராசரி எடுத்தால் அது அடங்கும்.

மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸை இதில் நீக்க முயலாதீர்கள். அது இரண்டாம் மட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மூன்றாவதிலும் கசியும். அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் நீக்கும் தனி நாட்ச் வடிகட்டி போடுங்கள். அடிக்கோட்டின் ஏற்ற இறக்கத்துக்கு எட்டாம் மட்டத்தின் சாரத்தை, அதாவது 0.7 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை, பூஜ்யமாக்குவோர் உண்டு. நாடித் துடிப்பு மெதுவான நோயாளிக்கு அது க்யூஆர்எஸ்ஸுக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதியையே சாய்த்துவிடலாம். ஒன்பதாம் மட்டம், 0.35 ஹெர்ட்ஸ், பாதுகாப்பானது.

இன்னொன்று: பைத்தானின் பைவேவ்லெட்ஸ் நிரல் நூலகத்தில் ‘டிபி4’ என்பது எட்டு எண் வடிகட்டி. பாடநூல்கள் பலவற்றில் ‘டி4’ என்பது நான்கு எண். அந்த நான்கு எண் வேண்டுமானால் ‘டிபி2’ கேளுங்கள்.

டோபெஷிக்கு ஏன் நோபல் தரவில்லை?
– வாசகர், தஞ்சாவூர்

கணிதத்துக்கு நோபல் கிடையாது. 2023-ல் கணிதத்துக்கான வுல்ஃப் பரிசு பெற்ற முதல் பெண் அவர். 2011 முதல் 2014 வரை உலகக் கணிதச் சங்கத்தின் தலைவர். அந்தப் பதவிக்கும் அவரே முதல் பெண்.

வேவ்லெட்டை வைத்து வான்கோ ஓவியத்தின் போலியைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது உண்மையா?
– ஓவிய ஆசிரியர், கும்பகோணம்

நம்பிக்கை ஒருகாலத்தில் அதிகமாக இருந்தது. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகமும் க்ரோலர்-முல்லர் அருங்காட்சியகமும் 101 ஓவியங்களின் நுண்ணிய ஸ்கேன்களைப் பல்கலைக்கழகக் குழுக்களுக்குக் கொடுத்தன. பிரின்ஸ்டனில் டோபெஷியின் குழு ஒவ்வொரு துண்டையும் ஆறு திசைகளில் வேவ்லெட்டால் அலசியது. அசல் ஓவியர் தூரிகையைத் தயங்காமல் இழுப்பார். நகலெடுப்பவர் பார்த்துப் பார்த்து இழுப்பார். அந்தத் தடுமாற்றம் நுண்மட்ட எண்களில் தெரியும் என்பது எண்ணம். முடிவுகளும் நன்றாகவே வந்தன.

பிறகு அதே குழுவினர் தோண்டிப் பார்த்தபோது, அசல்களின் ஸ்கேனுக்கும் போலிகளின் ஸ்கேனுக்கும் தெளிவிலேயே வித்தியாசம் இருந்தது தெரிந்தது. கணினி கண்டுபிடித்தது ஓவியரையா, ஸ்கேனரையா? இதைத் தீர்க்க ஷார்லட் காஸ்பர்ஸ் என்ற ஓவியரைக் கொண்டு சிறு ஓவியங்களும் அவற்றின் நகல்களும் தீட்டச் செய்து, எல்லாவற்றையும் ஒரே நிலையில் ஸ்கேன் செய்தார்கள். முன்பு வென்ற முறைகள் பலவும் அங்கே தோற்றன. வேவ்லெட் எண்கள் மட்டத்துக்கு மட்டம் எப்படித் தொடர்கின்றன என்று பார்க்கும் ஒரு முறை மட்டும் ஓரளவு பிரித்துக் காட்டியது. 2009-ல் இதை அவர்களே கட்டுரையாக எழுதினார்கள். இயந்திரக் கற்றலில் இறங்குவோர் எல்லோரும் படிக்க வேண்டிய கட்டுரை அது. உங்கள் மாணவர்களின் ஓவியங்களை வைத்து முயல்வதானால் ஒரே கேமரா, ஒரே வெளிச்சம், ஒரே தூரம். போனின் தானியங்கிக் கூர்மையை அணைத்துவிடுங்கள்.

பழைய ஓவியங்களின் வெடிப்புகளைக் கணினியிலேயே அடைக்க முடிகிறதாமே?
– சிற்பக் கல்லூரி மாணவர், மாமல்லபுரம்

பெல்ஜியத்தின் கென்ட் நகரில், வான் ஐக் சகோதரர்கள் 1432-ல் முடித்த பலிபீட ஓவியத்தில் டோபெஷியும் பெல்ஜிய ஆய்வாளர்களும் இதைச் செய்தார்கள். மரியாளின் முன் விரிந்திருக்கும் நூலில் எழுத்துகளின் மேல் வெடிப்புகள் ஓடுவதால் படிக்கவே முடியவில்லை. வெடிப்பு மெல்லியது, நீளமானது, சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தோ வெளுத்தோ இருக்கும். அதை வைத்துப் பல அளவுகளில் தேடி, அடையாளம் கண்ட பிக்ஸல்களைப் பக்கத்துத் துண்டுகளின் அமைப்பைப் பார்த்து நிரப்பினார்கள். தொல்லை என்னவென்றால், எழுத்தின் கோடும் மெல்லியது, நீளமானது. ஒரே ஒரு முறையை நம்பினால் எழுத்தையும் சேர்த்து அழித்துவிடும். அதனால் மூன்று வெவ்வேறு முறைகளின் விடைகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார்கள்.

அதே ஓவியத்தில் ஆதாம், ஏவாள் பலகைகளுக்கு இருபுறமும் வண்ணம் தீட்டியிருக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இரண்டு பக்கத்தின் சாதாரணப் புகைப்படங்களும் கையில் இருப்பதால், புகைப்படத் துண்டுக்கு எந்த எக்ஸ்ரேத் துண்டு பொருந்தும் என்று ஒரு பக்கம் மட்டும் தீட்டிய பலகைகளிலிருந்து கற்றுக்கொண்டு, கலந்த எக்ஸ்ரேயை இரண்டாகப் பிரிக்கிறார்கள். புகைப்படமும் எக்ஸ்ரேயும் பிக்ஸலுக்குப் பிக்ஸல் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தியிருக்க வேண்டும். சற்று விலகினாலும் ஒரு பக்கத்தின் கோடுகள் மறுபக்கத்தில் நிழலாக ஒட்டிக்கொள்ளும்.